சூடு எவ்வளவு ஏறும்? வெப்பம், நிறை, தன்வெப்பம் கொண்டு கணக்கிடும் முறை

ஒரு கிலோ தண்ணீர், ஒரு கிலோ நெய், ஒரு கிலோ எடையுள்ள வெறும் இரும்புச் சட்டி. மூன்றும் 30 டிகிரியில் இருக்கின்றன. மூன்றுக்கும் ஒரே அளவு வெப்பம், 100 கிலோஜூல், கொடுக்கிறோம். தண்ணீர் 54 டிகிரிக்கு வரும். விரல் வைத்தால் சுடும், அவ்வளவுதான். நெய் 78 டிகிரியை எட்டியிருக்கும். இரும்புச் சட்டியோ 250 டிகிரியைத் தாண்டி, அதில் ஒட்டியிருந்த எண்ணெய்ப் பிசுக்கெல்லாம் புகையத் தொடங்கியிருக்கும்.

அடுப்பு யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை. கொடுத்தது ஒரே அளவுதான். வாங்கிக்கொண்ட பொருள்கள்தான் வேறு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு வெப்பம் கொடுத்தால் எத்தனை டிகிரி ஏறும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு சிறிய வாய்பாடு போதும். அதை மனப்பாடம் செய்வது எளிது. எங்கே பொருந்தும், எங்கே காலை வாரும் என்று தெரிந்துகொள்வதில்தான் விஷயம் இருக்கிறது.

பாகம் பிரிக்கும் கணக்கு

வெப்பம் என்பது பொருளுக்குள் போகும் ஆற்றல், ஜூலில் அளக்கிறோம். வெப்பநிலை என்பது வெப்பமானி காட்டுவது, டிகிரியில் அளக்கிறோம். இரண்டுக்கும் உள்ள உறவு சொத்துப் பாகம் பிரிப்பது மாதிரிதான். பத்துக் கோட்டை விதைப்பாடு நிலத்தை இரண்டு பங்காளிகள் பிரித்தால் ஆளுக்கு ஐந்து கோட்டை. பத்துப் பேர் பிரித்தால் ஆளுக்கு ஒன்று. மொத்தச் சொத்து மாறவில்லை, கையில் நிற்பதுதான் மாறுகிறது. உள்ளே போன வெப்பம் மொத்தச் சொத்து. பொருளின் நிறை, பங்காளிகளின் எண்ணிக்கை. நிறை கூடக் கூட வெப்பநிலை ஏறுவது குறையும்.

ஆனால் எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரே பசி இல்லை. ஒரு கிராம் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 4.18 ஜூல் வேண்டும். ஒரு கிராம் இரும்புக்கு வெறும் 0.45 ஜூல் போதும். ஒரு கிராமை ஒரு டிகிரி ஏற்றத் தேவைப்படும் இந்த அளவைத்தான் பாடநூல்கள் தன் வெப்ப ஏற்புத்திறன் என்கின்றன. இங்கே சுருக்கமாகத் தன்வெப்பம் என்றே சொல்லிக்கொண்டு போவோம்.

ஆக வாய்பாடு இது:

வெப்பநிலை மாற்றம் = வெப்பம் ÷ (நிறை × தன்வெப்பம்)

இதையே திருப்பிப் போட்டால்:

வெப்பம் = நிறை × தன்வெப்பம் × வெப்பநிலை மாற்றம்

அடிக்கடி தேவைப்படும் சில மதிப்புகள், ஒரு கிராமுக்கு ஒரு டிகிரிக்கு ஜூலில்:

தண்ணீர் 4.18
கடல்நீர் சுமார் 4.0
நெய், தேங்காய் எண்ணெய் சுமார் 2.1
பனிக்கட்டி 2.1
அலுமினியம் 0.90
சுட்ட மண்பானை சுமார் 0.9
மணல் சுமார் 0.8
எவர்சில்வர் 0.50
இரும்பு 0.45
செம்பு 0.385
பித்தளை 0.38
பாதரசம் 0.14

பட்டியலில் தண்ணீர் எவ்வளவு உயரத்தில் தனியாக நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். பாதரசத்தைப் போல அதற்கு 30 மடங்கு. ஸ்காட்லாந்தில் ஜோசப் பிளாக் 1760-களில் இந்த வேறுபாட்டில்தான் கை வைத்தார். கனமான பொருள் என்றால் வெப்பமும் கூடுதலாக வாங்கும் என்று அதுவரை பலரும் எண்ணியிருந்தார்கள். தண்ணீரையும் பாதரசத்தையும் கலந்து பார்த்த சோதனைகள் அந்த எண்ணத்துக்கு ஒத்துவரவில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் அதற்கே உரிய கொள்ளளவு உண்டு என்று பிளாக் கண்டு சொன்ன பிறகே வெப்பம் ஒரு கணக்கான பாடமாயிற்று.

இன்னொரு வசதி: ஒரு கிராமுக்கு ஜூலில் எழுதினாலும், ஒரு கிலோவுக்குக் கிலோஜூலில் எழுதினாலும் எண் ஒன்றே. தண்ணீருக்கு இரண்டிலும் 4.18. இதை நினைவில் வைத்தால் பாதித் தொல்லை ஒழியும்.

ஒரு வாளி வெந்நீர்

மார்கழிக் காலையில் தொட்டித் தண்ணீர் 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் வாளியில் 18 லிட்டர் பிடித்து, 1500 வாட் ஹீட்டர் ராடு போடுகிறோம். பத்து நிமிடத்தில் எவ்வளவு சூடாகும்?

முதலில் வெப்பம். 1500 வாட் என்றால் விநாடிக்கு 1500 ஜூல். பத்து நிமிடம் 600 விநாடி. பெருக்கினால் 9,00,000 ஜூல், அதாவது 900 கிலோஜூல்.

அடுத்து நிறை. தண்ணீருக்கு மட்டும் ஒரு லிட்டரை ஒரு கிலோ என்று எடுத்துக்கொள்ளலாம், 18 கிலோ. எண்ணெய்க்கு இந்தச் சலுகை கிடையாது, அது லிட்டருக்கு 920 கிராம் அளவுதான் இருக்கும்.

நிறையையும் தன்வெப்பத்தையும் பெருக்கினால் 18 × 4.18 = 75.2. இந்த இடைக்கணக்கைத் தனியாக எழுதி வைப்பது நல்லது. இந்த வாளித் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற 75.2 கிலோஜூல் ஆகும் என்பதே அதன் பொருள்.

இனி வகுக்க வேண்டியதுதான். 900 ÷ 75.2 = 12 டிகிரி. 27 உடன் கூட்டினால் 39. வெதுவெதுப்பு, அவ்வளவே. 45 டிகிரி வேண்டுமென்றால் 18 டிகிரி ஏற வேண்டும், 75.2 × 18 = 1354 கிலோஜூல்; அதை விநாடிக்கு 1.5 கிலோஜூல் வீதம் கொடுக்க 903 விநாடி, கால் மணி நேரம். மீட்டரில் ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். அப்படியானால் இந்தக் குளியலுக்கு 0.38 யூனிட் ஓடும்.

உண்மையில் கடிகாரம் பார்த்தால் 16, 17 நிமிடம் ஆகலாம். பங்காளிகளில் சிலரை நாம் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிட்டோம்: வாளி, மேலே உள்ள காற்று, ஆவியாகப் போகும் கொஞ்சம் தண்ணீர். வாளியின் பங்கு சிறியது. 800 கிராம் பிளாஸ்டிக்குக்கு டிகிரிக்கு 1.5 கிலோஜூல்தான், 75-க்கு முன்னால் இரண்டு சதவீதம். வாய் திறந்த வாளியின் மேற்பரப்பு வழியாகப் போவதே கூடுதல். ஒரு தட்டை வைத்து மூடினால் (ராடு மாட்டிய பக்கம் இடைவெளி விட்டு) வித்தியாசம் தெரியும்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று: சூடான நீர் மேலே ஏறிவிடும். ராடின் அடிமுனைக்குக் கீழே உள்ள தண்ணீர் கிட்டத்தட்ட பச்சைத் தண்ணீராகவே கிடக்கும். மேலே கை வைத்துவிட்டு, கணக்கைவிடக் கூடுதலாகச் சூடாகிவிட்டதே என்று நினைக்கக்கூடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகு, கலக்கிவிட்டுத்தான் அளக்க வேண்டும். ஸ்விட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே எடுத்த பிறகுதான் தண்ணீரில் கை.

ராடில் குறித்திருக்கும் கோடு வரை தண்ணீர் இருக்க வேண்டும் என்று ஏன் சொல்கிறார்கள்? அதற்கும் இதே வாய்பாடு பதில் சொல்லும். ராடின் சூடேறும் பகுதி 300 கிராம், அந்த உலோகத்தின் தன்வெப்பம் 0.4 என்று வைப்போம். அதை ஒரு டிகிரி ஏற்ற 120 ஜூல் போதும். விநாடிக்கு 1500 ஜூல் வருகிறது. தண்ணீர் வாங்கிக்கொள்ளாவிட்டால் ராடு விநாடிக்கு 12 டிகிரிக்கு மேல் ஏறும். ஒரு நிமிடத்துக்குள் செந்நிறம் காட்டும். வெறும் வாளியில் ஸ்விட்சைப் போட்டு, ராடு எரிந்துபோவது இப்படித்தான்.

கேஸ் அடுப்பில் இதே கணக்குக்கு ஒரு படி கூடும். 5 லிட்டர் தண்ணீரை 30-லிருந்து 100-க்குக் கொண்டுவர 5 × 4.18 × 70 = 1463 கிலோஜூல் தண்ணீருக்குள் போக வேண்டும். ஆனால் தீயிலிருந்து வரும் வெப்பம் எல்லாம் பாத்திரத்துக்குள் போகாது. ஐஎஸ்ஐ முத்திரை பெற்ற அடுப்புக்குக் குறைந்தது 68 சதவீதத் திறன் இருக்க வேண்டும் என்பது விதி. 1463-ஐ 0.68-ஆல் வகுத்தால் சுமார் 2150 கிலோஜூல். ஒரு கிலோ சமையல் எரிவாயு சுமார் 46,000 கிலோஜூல் தரும். ஆகவே செலவு ஏறக்குறைய 47 கிராம். பாத்திரம் சிறியதாக இருந்து தீ விளிம்பைத் தாண்டிப் பக்கவாட்டில் ஓடினால் இந்த எண் மிக எளிதாகக் கூடிவிடும்.

வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவினால்

5 லிட்டர் கொதிநீர் 95 டிகிரியில், 15 லிட்டர் தொட்டித் தண்ணீர் 27 டிகிரியில். சேர்த்தால் என்ன வரும்? சூடானது இழந்த வெப்பம், குளிர்ந்தது பெற்ற வெப்பத்துக்குச் சமம். இரண்டும் தண்ணீர் என்பதால் தன்வெப்பம் இருபுறமும் அடிபட்டுப் போகும். (5 × 95 + 15 × 27) ÷ 20 = 44 டிகிரி. பொருள்கள் வேறானால் அடிபடாது. அங்கேதான் தன்வெப்பத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு வழி கிடைக்கிறது.

வீட்டில் செய்து பார்க்கலாம். மளிகைக் கடையில் இருக்குமே, அந்த ஒரு கிலோ இரும்புப் படிக்கல் (எடைக்கல்) ஒன்று வேண்டும். நூலில் கட்டி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் தொங்கவிடுங்கள். கல் முழுவதும் 100 டிகிரிக்கு வந்துவிடும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரை ஒரு தெர்மோகோல் பெட்டியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ ஊற்றி வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். 28 டிகிரி என்று வைப்போம். கல்லைத் தூக்கி, ஓர் உதறு உதறி, உடனே அதற்குள் இறக்கிக் கலக்குங்கள். தண்ணீர் 35 டிகிரிக்கு வந்து நிற்கும்.

தண்ணீர் பெற்றது: 1 × 4.18 × 7 = 29.3 கிலோஜூல். கல் 100-லிருந்து 35-க்கு இறங்கியது, 65 டிகிரி. 29.3 ÷ 65 = 0.45. இரும்பின் தன்வெப்பம் கையில். அதே ஒரு கிலோதான் இரண்டு பக்கமும். ஒன்று 65 டிகிரி இறங்க, மற்றது 7 டிகிரிதான் ஏறியது.

விடை 0.49 என்று வந்தால் பெரும்பாலும் குற்றவாளி கல்லில் ஒட்டிக்கொண்டு வந்த கொதிநீர். பத்தே கிராம் ஒட்டினாலும் அது அரை டிகிரிக்கு மேல் கூட்டிவிடும். 0.40 என்று வந்தால் கல்லைக் காற்றில் வைத்துக்கொண்டு தயங்கியிருப்பீர்கள், அல்லது டப்பா கனமானதாக இருந்திருக்கும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது. அது 35-லிருந்து 42 வரைதான் காட்டும்; ஆய்வுக்கூட வெப்பமானி வேண்டும்.

பாத்திரத்தின் பங்கை எப்போது கணக்கில் சேர்க்க வேண்டும்? நிறை × தன்வெப்பத்தைப் பாத்திரத்துக்கும் தனியாகப் போட்டுப் பாருங்கள். 10 லிட்டர் தண்ணீர் வைத்த 4 கிலோ செம்பு அண்டாவுக்கு டிகிரிக்கு 1.5 கிலோஜூல், தண்ணீருக்கு 41.8. விட்டுவிடலாம். 5 லிட்டர் வைத்த 3 கிலோ காருகுறிச்சி மண்பானைக்கு 2.7, தண்ணீருக்கு 20.9. எட்டில் ஒரு பங்குக்கு மேல். விட்டால் விடை தவறும்.

தோசைக்கல் ஏன் கனமாக இருக்க வேண்டும்

வெப்பநிலை இறங்கும்போதும் வாய்பாடு இதுவேதான், விடைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி வரும். 200 டிகிரியில் இருக்கும் 3 கிலோ இரும்புக் கல்லில் தண்ணீர் தெளிக்கிறோம். 20 கிராம் தண்ணீர் முழுவதும் ஆவியாகிப் போக 51 கிலோஜூல் வேண்டும் (அதில் பெரும்பகுதி ஏன் என்று அடுத்துப் பார்ப்போம்). அந்த வெப்பம் கல்லிலிருந்துதான் வர வேண்டும். 51 ÷ (3 × 0.45) = 38. கல் 162 டிகிரிக்கு இறங்கும். தோசை ஊற்றச் சரியான பக்குவம். இதையே 800 கிராம் அலுமினியக் கல்லில் செய்தால் 51 ÷ (0.8 × 0.9) = 71; கல் 129-க்கு விழுந்துவிடும். அதன்மேல் மாவை ஊற்றினால் இன்னும் இறங்கி, தோசை முறுகாமல் வெளிறிப்போய் ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தின் தன்வெப்பம் இரும்பைப் போல இரண்டு மடங்கு; ஆனாலும் கல் மெலிந்திருப்பதால் தோற்றுப்போகிறது. தனித்தனியாகப் பார்த்துப் பயனில்லை, பெருக்கித்தான் பார்க்க வேண்டும்.

அல்வாவைக் கிண்டாமல் விட்டால் அடிப்பிடிப்பதும் இதே கதைதான், கொஞ்சம் மறைவாக. வாய்பாடு ஒரு விஷயத்தைச் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறது: பொருள் முழுவதும் ஒரே வெப்பநிலையில் இருக்கிறது என்பதை. தண்ணீர் என்றால் தானாகவே சுற்றிக் கலந்துவிடும். சம்பா கோதுமைப் பாலும் சீனியும் இறுகிக்கொண்டிருக்கும் உருளியில் அது நடக்காது. உள்ளே 10 கிலோ, தன்வெப்பம் சுமார் 3, அடுப்பிலிருந்து விநாடிக்கு 3 கிலோஜூல் என்று வைத்தால், கிண்டிக்கொண்டே இருக்கும்போது விநாடிக்கு 0.1 டிகிரி ஏறும். கிண்டுவதை நிறுத்தியதும் அந்த வெப்பத்தை அடியில் உள்ள 300 கிராம் படலம் மட்டுமே வாங்குகிறது. 3 ÷ (0.3 × 3) = 3.3 டிகிரி, ஒவ்வொரு விநாடியும். இருபது விநாடியில் 66 டிகிரி. சீனி கருகாமல் என்ன செய்யும்? வாய்பாட்டில் நிறை என்ற இடத்தில் எப்போதும் உருளியில் இருப்பதை எழுதக் கூடாது. வெப்பத்தை உண்மையில் பங்கிட்டுக்கொள்ளும் நிறையை எழுத வேண்டும்.

வாய்பாடு நிற்கும் இடம்: பதநீர் அடுப்பு

உடன்குடிப் பக்கம் பதநீர் காய்ச்சும் அடுப்பில் ஒரு வெப்பமானியைப் பிடித்தால் விசித்திரமாக இருக்கும். முதலில் ஏறிக்கொண்டே போகும் வெப்பநிலை, 100 டிகிரியைத் தொட்டதும் நின்றுவிடும். பனை மட்டையையும் உடைமுள்ளையும் எவ்வளவு திணித்தாலும், மணிக்கணக்கில் அசையாது. வாய்பாட்டின்படி வெப்பம் போனால் வெப்பநிலை ஏற வேண்டும். ஏறவில்லை.

கொதிநிலையில் போகும் வெப்பம் நீரை ஆவியாக்குவதற்கே செலவாகிறது. ஒரு கிலோ தண்ணீரை 100 டிகிரி நீரிலிருந்து 100 டிகிரி ஆவியாக மாற்ற மட்டும் 2257 கிலோஜூல் வேண்டும். இதுதான் உள்ளுறை வெப்பம். பனிக்கட்டி உருகும்போதும் இப்படியே. அதற்குக் கிலோவுக்கு 334. நிலை மாறும் இடங்களில் நம் வாய்பாடு பேசாது, அங்கே நிறை × உள்ளுறை வெப்பம் என்ற வேறு கணக்குப் போட வேண்டும்.

20 கிலோ பதநீரை எடுத்துக்கொள்வோம். இனிப்புக் கலந்திருப்பதால் தன்வெப்பம் தண்ணீரைவிடச் சற்றுக் குறைந்து சுமார் 3.9. 30-லிருந்து 100 டிகிரிக்கு 20 × 3.9 × 70 = 5460 கிலோஜூல். கருப்பட்டிப் பதம் வர இதில் 17 கிலோ தண்ணீர் வெளியேற வேண்டும் என்று வைத்தால், 17 × 2257 = 38,400 கிலோஜூல். கொதிக்க வைக்க ஆனதைப் போல ஏழு மடங்கு! கருப்பட்டி விலையில் விறகு எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்பவர்களுக்கு இந்த இரண்டு எண்களைக் காட்டலாம். காய்ந்த விறகு கிலோவுக்கு சுமார் 15,000 கிலோஜூல் தரும். திறந்த அடுப்பில் அதில் ஏழில் ஒரு பங்கு கொப்பரைக்குள் போனாலே பெரிய காரியம். 44,000 கிலோஜூலுக்கு இருபது கிலோ விறகு எரிந்துவிடும்.

கடைசிக் கட்டத்தில் வெப்பநிலை மறுபடியும் ஏறத் தொடங்கும். சர்க்கரை செறிய செறியக் கொதிநிலையே உயரும். பதம் நெருங்கும்போது 110 டிகிரியையும் தாண்டும். அப்போது தண்ணீர் குறைந்துவிட்டது, நிறையும் குறைந்துவிட்டது, தன்வெப்பமும் இறங்கிவிட்டது. அதே தீக்கு இப்போது வெப்பநிலை வேகமாக ஏறும். அதனால்தான் கடைசியில் தீயைத் தணித்து, கண்ணை எடுக்காமல் துழாவுகிறார்கள். பிறகு சிரட்டையில் ஊற்ற வேண்டியதுதான்.

மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

அலகுதான் முதல் எதிரி. வெப்பத்தை ஜூலில் எழுதிவிட்டு, நிறையைக் கிலோவில் எழுதி, தன்வெப்பத்துக்கு 4.18 போட்டால் விடை ஆயிரம் மடங்கு வீங்கிவிடும். ஒரு வாளித் தண்ணீர் 12,000 டிகிரிக்குப் போனதாக விடை வந்தால், சூரியனின் மேற்பரப்பே 5,500 டிகிரிதானே என்று ஒரு கணம் யோசித்தால் போதும், தவறு தெரிந்துவிடும். ஜூல் என்றால் கிராம். கிலோஜூல் என்றால் கிலோ. கலோரியில் கொடுத்திருந்தால் 4.18-ஆல் பெருக்கி ஜூலாக்குங்கள். உணவுப் பொட்டலத்தில் அச்சிட்டிருப்பது கிலோகலோரி, அது இதைவிட ஆயிரம் மடங்கு.

இரண்டாவது, வெப்பநிலை மாற்றத்தோடு 273-ஐக் கூட்டுவது. 12 டிகிரி செல்சியஸ் ஏற்றமும் 12 கெல்வின் ஏற்றமும் ஒன்றே. கெல்வின் அளவுகோலின் தொடக்கப் புள்ளிதான் தள்ளி இருக்கிறது, படிகளின் உயரம் மாறவில்லை. 273-ஐ வெப்பநிலைக்குக் கூட்டலாம், வெப்பநிலை மாற்றத்துக்குக் கூட்டக் கூடாது.

விடை கிடைத்ததும் அதையே இறுதி வெப்பநிலை என்று எழுதிவிடுவதும் உண்டு. வாய்பாடு தருவது மாற்றம் மட்டுமே. தொடக்கத்தைக் கூட்டிய பிறகே இறுதி. கூட்டிப் பார்க்கையில் தண்ணீர் 130 டிகிரி என்று வந்தால், 100-ல் வெட்டிவிட்டு மிச்சத்தை ஆவிக்கணக்கில் எழுத வேண்டும்.

தேரியும் கடலும்

திசையன்விளைப் பக்கத்துத் தேரியில் (செம்மணல் மேட்டில்) நண்பகலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. அதே வெயில் காயும் உவரிக் கடலில் காலை நனைத்தால் குளுமை. மணலுக்குத் தன்வெப்பம் 0.8, கடல்நீருக்கு 4.0, ஆகவே ஐந்து மடங்கு வித்தியாசம் என்று பலர் அத்தோடு நிறுத்திவிடுவார்கள். அது பாதி உண்மைதான்.

ஒரு சதுர மீட்டர் மணலை எடுத்துக்கொள்வோம். காய்ந்த மணலில் வெப்பம் ஆழத்துக்கு இறங்காது. பகலில் சில மணி நேரத்துக்கு மேலே உள்ள 5 சென்டிமீட்டர்தான் பங்காளி. அதன் நிறை சுமார் 80 கிலோ. போனது வந்தது போக விநாடிக்கு 500 ஜூல் வீதம் ஒரு மணி நேரம் தங்கினால் 1800 கிலோஜூல். 1800 ÷ (80 × 0.8) = 28 டிகிரி. கடலில் அலை கலக்குவதால் இரண்டு மீட்டர் ஆழம் சேர்ந்து வாங்குகிறது என்று வைத்தால் அங்கே 2000 கிலோ. 1800 ÷ (2000 × 4.0) = 0.2 டிகிரி. வித்தியாசம் ஐந்து மடங்கில் நிற்கவில்லை, நூறு மடங்கைத் தாண்டுகிறது. தன்வெப்பம் ஐந்து மடங்கு கொடுத்தது, பங்கிடும் நிறை 25 மடங்கு கொடுத்தது. மதியத்துக்கு மேல் கரைமீது காற்று சூடாகி எழ, கடற்காற்று உள்ளே வருவதும் இதன் தொடர்ச்சிதான்.

குற்றாலத்துக்கு ஒரு குறுக்குக் கணக்கு. விழும் நீரின் ஆற்றல் அடியில் மோதி வெப்பமாகிறது. 60 மீட்டர் விழுகிறது என்று வைத்தால் கிலோவுக்கு 9.8 × 60 = 588 ஜூல். 588 ÷ 4180 = 0.14 டிகிரி. தண்ணீர் அதிகம் விழுந்தாலும் குறைவாக விழுந்தாலும் விடை மாறாது. நிறை மேலும் கீழும் அடிபட்டுவிடுகிறது. நயாகராவின் அடியில் நீர் இப்படிச் சிறிதளவு சூடாக இருக்க வேண்டும் என்று ஜேம்ஸ் ஜூல் 1840-களில் எழுதியிருக்கிறார். குற்றாலப் பேரருவியின் கீழே நின்று யாரும் இந்தச் சூட்டை உணரப்போவதில்லை. சாரல் ஆவியாவதால் ஏற்படும் குளிர்ச்சி அதை விழுங்கிவிடும்.

கூடங்குளத்துத் தண்ணீர்

இதுவரை வெப்பமும் நிறையும் தெரியும், மாற்றத்தைக் கண்டுபிடித்தோம். பொறியாளர்களுக்குப் பல நேரம் கேள்வி தலைகீழாக இருக்கும்: இத்தனை டிகிரிக்கு மேல் ஏறக்கூடாது, எவ்வளவு தண்ணீர் வேண்டும்?

கூடங்குளம் அணுமின் நிலையத்தின் முதல் இரண்டு உலைகளும் 1000 மெகாவாட் மின்திறன் கொண்டவை. முதலாவது 2013 அக்டோபரில் மின்தொகுப்போடு இணைந்தது. ஒவ்வோர் உலையும் உண்டாக்கும் வெப்பம் சுமார் 3000 மெகாவாட். மின்சாரமாக மாறாத 2000 மெகாவாட்டை நீராவியிலிருந்து கடல்நீர்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். அதாவது விநாடிக்கு 20 லட்சம் கிலோஜூல். உள்ளே வரும் கடல்நீர் 7 டிகிரிக்கு மேல் சூடாகாமல் வெளியேற வேண்டும் என்று வைத்தால், ஒவ்வொரு கிலோவும் 4.0 × 7 = 28 கிலோஜூல் வாங்கும். 20,00,000 ÷ 28 = சுமார் 71,000 கிலோ. ஓர் உலைக்கு மட்டும், ஒவ்வொரு விநாடியும், 71 டன் கடல்நீர்.

இதில் பாதித் தண்ணீரே பாய்ந்தால் ஏற்றம் 14 டிகிரி ஆகிவிடும். அதைவிட முன்னதாகவே நீராவியைக் குளிர்விக்கும் இடத்தில் அழுத்தம் உயர்ந்து, டர்பைனிலிருந்து கிடைக்கும் மின்சாரம் குறையும். அப்போது மின்சாரமாக மாறாத பங்கு கூடி, கடலுக்குப் போகும் வெப்பம் இன்னும் கொஞ்சம் ஏறும். வாய்பாட்டின் மேல்வரியில் 2000-க்குப் பதில் அதைவிடப் பெரிய எண்ணை எழுதி மறுபடி வகுக்க வேண்டியிருக்கும்.